வில்லங்க சான்று பிடிஎஃப்ல மஞ்சள் கேள்விக்குறி வருது, டிஜிட்டல் கையொப்பத்த எப்படி நம்புறது?

மண்வாசம்87:

வணக்கம்ங்க எல்லாருக்கும். அவிநாசி தாண்டி ஒரு இடம் பாத்திருக்கோம், அஞ்சரை சென்ட், அப்பா ரிட்டயர் ஆன காசு மொத்தமும் இதுல தான் போகப்போகுது, அதனால ஒவ்வொரு பேப்பரையும் நாலு தடவ பாத்துட்டு இருக்கேன். புரோக்கர் நேத்து வாட்ஸ்அப்ல வில்லங்க சான்று அனுப்பினாரு, பிடிஎஃப். லேப்டாப்ல திறந்தா கடைசி பக்கத்துல சின்னதா ஒரு கட்டம், அதுல சார்பதிவாளர் பேரு, தேதி, மணி நிமிஷம் செகண்ட் வரைக்கும் இருக்கு, ஆனா அந்த எழுத்து மேலயே பெருசா ஒரு மஞ்சள் கேள்விக்குறி, கூடவே "வாலிடிட்டி அன்நோன்"னு போட்டிருக்கு.

பெரியப்பாகிட்ட காட்டினேன், அவரு தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் வேல பாத்தவரு. "பச்ச மைல கையெழுத்து இல்ல, கோபுர சீல் இல்ல, இத எவன் வேணா கம்ப்யூட்டர்ல அடிச்சு எடுத்துட்டு வரலாம்டா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. புரோக்கர்கிட்ட கேட்டா "இப்பல்லாம் ஆன்லைன்தான் தம்பி, கேள்விக்குறி எல்லாருக்கும் தான் வருது"ங்கறாரு. ரெண்டு பேரு சொல்றதுலயும் எனக்கு மனசு ஆறல.

ஒரு பைல்ல நான் ஒரு பேர மாத்தி டைப் பண்ணிட்டா அந்த கையொப்பம் அத எப்படி கண்டுபிடிக்கும், அந்த கட்டத்த அப்படியே வெட்டி வேற பைல்ல ஒட்டிட்டா என்ன ஆகும், சார்பதிவாளர் பேருல வேற யாராவது போட்டிருந்தா எனக்கு எப்படி தெரியும்? இந்த மூணும் புரிஞ்சா போதும். தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, எனக்கு கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன்.


கோவை_குமரன்:

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. அக்ரோபேட் ரீடர்ல திறந்து அந்த கேள்விக்குறி மேல ரைட் கிளிக், வேலிடேட் சிக்னேச்சர், அப்புறம் சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், டிரஸ்ட்ங்கற டேப்ல ஆட் டு டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ், ஓகே ஓகே குடுத்துட்டு திரும்ப வேலிடேட் பண்ணா பச்ச டிக் வந்துடும். ஆதார் பிடிஎஃப்க்கும் இதே தான். ரெண்டு நிமிஷ வேல.


சாவிக்கொத்து:

குமரன் தம்பி சொன்ன வழி சரிதான், ஆனா நடுவுல ஒரு படி விட்டுப்போச்சு, அந்த ஒரு படி இல்லன்னா மொத்த பாதுகாப்பும் போச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன். மண்வாசம், நீங்க கேட்ட மூணு கேள்வியும் ரொம்ப சரியான கேள்வி, ஒண்ணு ஒண்ணா பாக்கலாம்.

மொதல்ல எழுத்த மாத்துனா எப்படி தெரியும்ங்கறது. ஹாஷ்னு ஒண்ணு இருக்கு. ஒரு பைல உள்ள விட்டா, அது ஒரு பக்கமா இருந்தாலும் ஆயிரம் பக்கமா இருந்தாலும் ஒரே நீளத்துல ஒரு விடை வெளிய வரும். இப்ப பெரும்பாலும் புழக்கத்துல இருக்குறது ஷா-256, அதுல வர்ற விடை 64 எழுத்து. மூட்டைய தராசுல வெச்சு எடை பாக்குற மாதிரி நினைச்சுக்கோங்க, ஆனா தராசுல ஒரு அரிசி கூடுனா தெரியாது, இதுல ஒரு அரிசி கூடுனாலும் மொத்த எண்ணும் தலைகீழா மாறிடும். நீங்களே செஞ்சு பாக்கலாம். நான் இத எழுத உக்காந்தப்ப நோட்பேடுல "கிரயத் தொகை 12,00,000"னு ஒரே வரி அடிச்சு சேவ் பண்ணி அதுக்கு ஹாஷ் எடுத்தேன், அப்புறம் 12ஐ 13 ஆக்கி திரும்ப எடுத்தேன். ரெண்டு விடையையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வெச்சு விரல் விட்டு எண்ணிப் பாத்தா 64 இடத்துல நாலே இடத்துல தான் ஒரே எழுத்து, அதுவும் தற்செயலா அமைஞ்சது. விண்டோஸ்லயே இதுக்கு கட்டளை இருக்கு, எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

இப்ப ஹாஷ் மட்டும் போதாது, ஏன்னா பைல மாத்துறவன் ஹாஷையும் புதுசா எடுத்து ஒட்டிடுவான். அங்க தான் சாவி வருது. கையொப்பம் போடுறவருகிட்ட ரெண்டு சாவி, ஒண்ணு பிரைவேட் கீ, அது அவருகிட்ட பென்டிரைவ் மாதிரி இருக்குற டோக்கனுக்குள்ள மட்டும் தான் இருக்கும், இன்னொண்ணு பப்ளிக் கீ, அது ஊருக்கே தெரியலாம். அந்த 64 எழுத்த பிரைவேட் கீய வெச்சு ஒரு கணக்கு போட்டா வர்ற விடை தான் கையொப்பம். அத பப்ளிக் கீய வெச்சு திருப்பிப் போட்டா பழைய 64 எழுத்து கிடைக்கணும். நம்ம ரீடர் என்ன பண்ணுதுன்னா, கைல இருக்குற பைலுக்கு தானே புதுசா ஹாஷ் எடுக்கும், கையொப்பத்துக்குள்ள இருந்து பழைய ஹாஷ எடுக்கும், ரெண்டும் ஒண்ணா இருந்தா பைல் கைபடாம வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு கமா மாறியிருந்தாலும் ரெண்டும் ஒட்டாது.

பப்ளிக் கீய வெச்சு பிரைவேட் கீய கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னு கேப்பீங்க. ஆர்எஸ்ஏ முறைல ரெண்டு பெரிய பகா எண்ண பெருக்கி ஒரு எண் செய்வாங்க, 2048 பிட்டுன்னா அது 617 இலக்கம். பெருக்குறது கண் சிமிட்டுற நேரம். பெருக்குன எண்ண மட்டும் குடுத்து அந்த ரெண்டையும் எடுன்னா அங்க நிக்குது கம்ப்யூட்டர். இந்த மாதிரி எண்கள்ல இதுவரைக்கும் வெளிய தெரிஞ்சு உடைச்சதுல பெருசு 250 இலக்கம், 2020ல, அதுக்கே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் மாசக்கணக்கா ஓடுச்சு. 1976ல டிஃபியும் ஹெல்மேனும் இந்த ரெண்டு சாவி யோசனைய எழுதினாங்க, அடுத்த வருஷம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூணு பேரும் அதுக்கு ஓடுற மாதிரி கணக்கு கண்டுபிடிச்சாங்க, அவங்க பேரோட மொதல் எழுத்து தான் ஆர்எஸ்ஏ. அம்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் நிக்குது.

ரெண்டாவது, வெட்டி ஒட்டுறது. மைல போடுற கையெழுத்து எல்லா பத்திரத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே மாதிரி இருக்கறதால தான் அத கையெழுத்துன்னே ஒத்துக்கறோம், அதே காரணத்தால தான் அத வெட்டி ஒட்டவும் முடியுது. டிஜிட்டல் கையொப்பம் அப்படி இல்ல, ஒவ்வொரு பைலுக்கும் வேற வேற எண், ஏன்னா அது அந்த பைலோட ஹாஷ்ல இருந்து பிறந்தது. உங்க சான்றுல இருக்குறத எடுத்து வேற சான்றுல வெச்சா ஹாஷ் ஒட்டாது, சிவப்பு பெருக்கல் குறி வந்துடும். அந்த கட்டத்த படமா வெட்டி ஒட்டுனா? அப்ப அது வெறும் படம், கிளிக் பண்ணாலும் எதுவும் திறக்காது. பெரியப்பா பயப்படுறது இந்த மாதிரி படத்த பாத்து தான், அந்த பயம் நியாயமானது. கட்டத்துல தெரியிற எழுத்து கையொப்பமே இல்ல, கையொப்பம் பைலுக்குள்ள கண்ணுக்கு தெரியாத இடத்துல இருக்கு, கட்டம் ஒரு பெயர்ப்பலகை மட்டும் தான்.

மூணாவது கேள்வி தான் ரொம்ப முக்கியம், குமரன் விட்ட படியும் இதுல தான் வருது. சார்பதிவாளர் பேருல நான் கூட என் வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு சாவி ஜோடி செய்யலாம், பேரு இருக்குற இடத்துல "சப் ரிஜிஸ்ட்ரார்"னு அடிச்சா போதும், அது எந்த தடையும் சொல்லாது, அதுல கையொப்பமும் போடலாம். ஹாஷ் சரியா ஒட்டும். பைலும் மாறியிருக்காது. ஆனா ஆளு போலி. நீங்க கண்ண மூடிட்டு ஆட் டு டிரஸ்டட் குடுத்தீங்கன்னா போலிக்கும் பச்ச டிக் வரும், ஏன்னா "இந்த ஆள எனக்கு தெரியும்"னு கம்ப்யூட்டருக்கு சொன்னதே நீங்க தான்!! யூடியூப்ல இத சொல்லித்தர்ற நிறைய வீடியோவுல இந்த எச்சரிக்கையே இல்ல, அத பாக்கறப்பல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும்.

இந்த சாவி இன்னாரோடது தான்னு சொல்ல ஒரு சங்கிலி இருக்கு. மேல ஒருத்தரு, சிசிஏ, அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல மத்திய அரசு வெச்ச சான்றளிப்பு கட்டுப்பாட்டு அதிகாரி. அவரு லைசென்ஸ் குடுத்த சான்றளிக்கிற நிறுவனங்க அவருக்கு கீழ, ஈமுத்ரா, என்கோடு, கேப்ரிகார்ன், வி-சைன் இப்படி. அவங்க ஆதாரு, பான், வீடியோல முகம் எல்லாம் பாத்துட்டு ஒரு ஆளோட பப்ளிக் கீ மேல தங்களோட கையொப்பத்த போட்டு தருவாங்க, அதுதான் நாம டிஎஸ்சின்னு சொல்றது. அதனால ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட் திறந்ததும் இடது பக்கம் ஒரு மரம் மாதிரி வரும், உச்சில "சிசிஏ இந்தியா"ன்னு ஒரு வருஷத்தோட இருக்கணும், நடுவுல லைசென்ஸ் இருக்குற நிறுவனம், கீழ அதிகாரி. உச்சில அதிகாரி பேரு மட்டும் தனியா நின்னா தொடாதீங்க. உச்சில சிசிஏன்னு பேரு இருந்தா மட்டும் போதாது, அந்த பேரையும் எவனும் அடிக்கலாம், சிசிஏ தன்னோட தளத்துல அந்த ரூட் சான்றிதழயும் (மரத்தோட உச்சில இருக்குறது) அதோட தம்ப்பிரிண்டையும் (அந்த சான்றிதழோட ஹாஷ்) வெளிப்படையா வெச்சிருக்காங்க, அத அங்கிருந்து பாத்து ஒத்துப்போகுதான்னு ஒரு தடவ சரிபாருங்க, ஒத்துப்போச்சுன்னா அந்த ரூட்ட மட்டும் டிரஸ்ட் பண்ணுங்க. அதுக்கு அப்புறம் அந்த ரூட்டுக்கு கீழ வர்ற எல்லா கையொப்பமும் தானா பச்சையாகும், ஒவ்வொரு அதிகாரியையும் தனித்தனியா நம்ப வேண்டியதில்ல.

உங்க கேள்விக்குறிக்கு காரணமும் இதுதான். ரீடருக்கு கணக்கு சரியா வந்திருக்கும், ஆனா சிசிஏ ரூட் உங்க கம்ப்யூட்டருக்கு அறிமுகம் இல்லாம இருந்திருக்கும். கேள்விக்குறின்னா "ஆளு யாருன்னு எனக்கு தெரியல", அத வெச்சு போலின்னும் சொல்ல முடியாது, நிஜம்னும் சொல்ல முடியாது, அதனால தான் மரத்த பாக்கணும். சிவப்பு பெருக்கல் வந்தா கையொப்பம் செல்லல, இல்ல பைல மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.


கோவை_குமரன்:

அண்ணே, உண்மையா சொல்றேன், மூணு வருஷமா இப்படித்தான் நான் எல்லாருக்கும் சொல்லித்தந்துட்டு இருக்கேன். அந்த மரத்த நான் திறந்து பாத்ததே இல்ல. இன்னிக்கே பாக்கறேன்.


டேலி_அக்கா:

சாவிக்கொத்து சார் சொன்னதுல "டோக்கனுக்குள்ள மட்டும் தான் இருக்கும்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அத பத்தி நான் சொல்லணும், ஏன்னா பதினாறு வருஷமா அக்கவுன்ட்ஸ்ல இருக்கேன், இந்த டோக்கன் படுற பாட்ட கண்ணால பாத்தவ.

டோக்கன்ங்கறது பென்டிரைவ் மாதிரியே இருக்கும், ஆனா பென்டிரைவ் இல்ல. அதுக்குள்ள ஒரு சிப்பு இருக்கு, பிரைவேட் கீ அந்த சிப்புக்குள்ளயே பிறந்து அங்கயே சாகும், வெளிய காப்பி எடுக்கவே முடியாது. நாம கம்ப்யூட்டர்ல சொருகி பின் நம்பர் அடிச்சா ஹாஷ் தான் உள்ள போகும், கையொப்பம் தான் வெளிய வரும், சாவி வராது. பின்ன தப்பா அடிச்சுட்டே இருந்தா லாக் ஆயிடும். அவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்காங்க.

இதெல்லாம் பண்ணியும் நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? நான் முன்னாடி இருந்த ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஸ்வீட் டப்பா ஒண்ணு, அதுக்குள்ள எழுபது எம்பது டோக்கன், ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேரு எழுதி செல்லோடேப் ஒட்டி, அதே டேப்புல பின் நம்பரும் எழுதியிருக்கும். பாதி டோக்கன்ல பின்னு புதுசா வர்றப்ப இருக்குற 12345678 தான், மாத்தக்கூட இல்ல. ஜிஎஸ்டி கடைசி தேதி அன்னிக்கு யாரு கைக்கு எது வருதோ சொருகி கையொப்பம் போட்டுட்டே போவோம், அந்த முதலாளிங்களுக்கு என்ன போச்சு எது போச்சுன்னே தெரியாது. ஒரு நாளு ஒருத்தரு வந்தாரு, வயசானவரு, கம்பெனில இருந்து ஆறு மாசம் முன்னாடியே விலகிட்டாரு, பார்ட்னர்களோட மனஸ்தாபம். அவரு விலகுன தேதிக்கு அப்புறம் அவரு கையொப்பத்தோட ஒரு ஃபார்ம் போயிருக்கு. "நான் போடலம்மா"ங்கறாரு. ஆனா பைலுக்கு தெரியுமா அது? பைல பொறுத்தவரைக்கும் அவரு சாவி, அவரு பின்னு, கணக்கு சரியா ஒட்டுது, பச்ச டிக். அவரு கை நடுங்குச்சு அன்னிக்கு, எனக்கு இன்னும் மறக்கல. அடுத்த மாசமே அந்த வேலைய விட்டேன்.

சட்டத்துல 42வது பிரிவு தெளிவா சொல்லுது, பிரைவேட் கீய பத்திரமா வெச்சுக்கறது சாவிக்காரரோட பொறுப்பு, அது கைமாறிப்போச்சுன்னு தெரிஞ்சா சான்றிதழ் குடுத்தவங்களுக்கு உடனே சொல்லணும், அவங்க அத ரத்து பண்ணி ரத்துப் பட்டியல்ல போட்டுடுவாங்க. அடுத்தவரு கையொப்பத்த ஏமாத்துற எண்ணத்தோட பயன்படுத்துனா 66சி பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நம்ம ஊருல செக் புக்குல மொத்தமா கையெழுத்து போட்டு யாருகிட்டயும் குடுக்கமாட்டாங்க, ஆனா டோக்கனையும் பின்னையும் குடுத்துடுவாங்க. செக்காவது அந்த ஒரு அக்கவுன்ட்ல இருக்குற காசு, டோக்கன் மூணு வருஷத்துக்கு அவங்க கையவே கழட்டி குடுக்குற மாதிரி.

இப்ப நான் இருக்குற கம்பெனில முதலாளி அம்மாவே வந்து அவங்களே பின் அடிப்பாங்க, நான் திரும்பி நின்னுக்குவேன். அஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.


மண்வாசம்87:

சாவிக்கொத்து அண்ணே, டேலி அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து அண்ணன் சொன்ன மாதிரியே செஞ்சேன். மரம் வந்துச்சு, உச்சில சிசிஏ இந்தியா, நடுவுல ஒரு நிறுவனம், கீழ அதிகாரி பேரு. தம்ப்பிரிண்ட்ட சிசிஏ தளத்துல இருந்து பேப்பர்ல எழுதி வெச்சு நாலு நாலு எழுத்தா ஒப்பிட்டேன், தங்கச்சி படிச்சா நான் டிக் அடிச்சேன். எல்லாம் ஒத்துப்போச்சு. ரூட்ட சேத்துட்டு திரும்ப வேலிடேட் குடுத்தா கேள்விக்குறி போயி பச்ச டிக், "கையொப்பம் போட்டதுக்கு அப்புறம் ஆவணம் மாத்தப்படல"ன்னு ஒரு வரியும் வந்துச்சு. அத பாத்ததும் ஒரு நிம்மதி.

இன்னும் ரெண்டு சந்தேகம். பெரியப்பாவுக்கு காட்ட பிரிண்ட் எடுத்தேன், அதுல பச்ச டிக் வரல, பழைய கேள்விக்குறியே தெரியுது. அப்புறம் அந்த சான்றிதழ்ல ரெண்டு வருஷம் தான் வேலிடிட்டின்னு போட்டிருக்கு, அது முடிஞ்சா இந்த வில்லங்கமும் செல்லாம போயிடுமா?


சாவிக்கொத்து:

நாலு நாலு எழுத்தா படிச்சு ஒப்பிட்டீங்க பாருங்க, அது தான் முறை.

பிரிண்ட்டுக்கு உயிர் கிடையாது. கையொப்பம் பைலோட பைட்டுகள்ல இருக்கு, தாள்ல மை மட்டும் தான் போகும். தாள வாங்குறவரு சரிபாக்கணும்னா அதுல இருக்குற க்யூஆர் கோடு இல்ல விண்ணப்ப எண்ண வெச்சு பதிவுத்துறை தளத்துல பாக்கணும், அப்பவும் க்யூஆர் எந்த தளத்துக்கு கூட்டிட்டுப் போகுதுன்னு முகவரிய பாருங்க, போலி சான்று அடிக்கிறவன் போலி தளத்துக்கும் க்யூஆர் போடுவான். இன்னொண்ணு, சில பேரு பிடிஎஃப்ப திறந்து "பிரிண்ட் டு பிடிஎஃப்" குடுத்து புதுசா சேவ் பண்ணுவாங்க, இல்ல ரெண்டு மூணு பைல ஒண்ணா சேப்பாங்க, சைஸ் குறைப்பாங்க, அப்பவும் கையொப்பம் போயிடும், கட்டம் மட்டும் படமா மிஞ்சும். வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புனா பைல் அப்படியே போகும், போட்டோ எடுத்து அனுப்புனா ஒண்ணுமே மிஞ்சாது. மொபைல்லயும் ப்ரவுசர்லயும் திறந்தா பெரும்பாலும் கையொப்பத்த சரியே பாக்காது, அதனால அங்க எதுவும் காட்டலன்னா பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

வேலிடிட்டி விஷயம். சாவி உயிரோட இருந்தப்ப போட்ட கையொப்பம், சாவி காலாவதி ஆனா செத்துப்போகாது. தாசில்தார் ரிட்டயர் ஆயிட்டாருன்னு அவரு போட்ட பழைய பட்டா செல்லாம போகுதா? அதே தான். ஆனா எப்ப போட்டதுன்னு நிரூபிக்கணும், கையொப்பம் போடுற கம்ப்யூட்டர்ல தேதிய பின்னாடி தள்ளி வெச்சுட்டா? அதுக்குதான் டைம்ஸ்டாம்ப், மூணாவது ஆளு ஒருத்தரு "இந்த ஹாஷ் இந்த நேரத்துல என்கிட்ட வந்துச்சு"ன்னு தன்னோட கையொப்பத்த போட்டு தருவாரு. உங்க பைல்ல ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்க, நேரம் கம்ப்யூட்டர் கடிகாரத்துல இருந்து வந்ததா, டைம்ஸ்டாம்ப் சர்வர்ல இருந்து வந்ததான்னு எழுதியிருக்கும். ரொம்ப வருஷம் வெச்சிருக்க வேண்டிய ஆவணத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

இந்த சங்கிலியும் அறுந்திருக்கு, மறைக்க வேண்டியதில்ல. 2011ல நெதர்லாந்துல டிஜிநோட்டார்னு ஒரு சான்றளிக்கிற நிறுவனத்துக்குள்ள ஆளு புகுந்து கூகுள் பேருலயெல்லாம் 500க்கு மேல போலி சான்றிதழ் எடுத்துட்டான், அந்த கம்பெனி அந்த வருஷம் செப்டம்பர்லயே திவால். நம்ம நாட்டுலயே 2014 ஜூலைல என்ஐசி, அதாவது மத்திய அரசோட தேசிய தகவல் மையம், அது கிட்ட இருந்து கூகுள் தளங்க பேருல அனுமதி இல்லாத சான்றிதழ் வெளிய போயிருக்குன்னு கூகுள் கண்டுபிடிச்சு சொல்ல, சிசிஏ அந்த இடைநிலை சான்றிதழ்கள ரத்து பண்ணாங்க. ஹாஷும் பழசாகும். ஷா-1ன்னு முன்னாடி இருந்தது, 2017 பிப்ரவரில கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து வேற வேற ரெண்டு பிடிஎஃப்புக்கு ஒரே ஷா-1 வர்ற மாதிரி செஞ்சு காட்டிட்டாங்க. அதனால தான் இப்ப ஷா-256. ப்ராப்பர்ட்டீஸ்ல ஹாஷ் அல்காரிதம்னு ஒரு வரி இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.


வெப்படை_வேலு:

நடுவுல ஒரு கேள்வி. டோக்கனே இல்லாம ஆதார் ஓடிபி அடிச்சு கையொப்பம் போட சொல்றாங்களே லோன் ஆப்புல எல்லாம், அதுவும் இதே கணக்கு தானா?


சாவிக்கொத்து:

இதே கணக்கு தான் வேலு. அது ஈ-சைன். நீங்க ஓடிபி அடிச்சதும் அந்த ஒரு ஆவணத்துக்காக மட்டும் ஒரு சாவி ஜோடி அங்க சர்வர்ல பிறக்கும், கையொப்பம் போடும், அடுத்த நொடி பிரைவேட் கீய அழிச்சுடுவாங்க. சான்றிதழோட ஆயுசே அரை மணி நேரம் தான். டப்பால போட்டு வெக்க எதுவும் இல்லைங்கறதால டேலி அக்கா சொன்ன ஆபத்து இதுல இல்ல, ஆனா ஓடிபிய போன்ல யாருக்காவது படிச்சு சொன்னீங்கன்னா நீங்களே கையொப்பம் போட்டதுக்கு சமம்.

அப்புறம் எல்லாத்துக்கும் இது செல்லாது. உயில், அறக்கட்டளைப் பத்திரம், பொதுவான பவர் பத்திரம் இதெல்லாம் சட்டத்தோட முதல் அட்டவணைல விலக்கி வெச்சிருக்காங்க, அதுக்கு தாளும் மையும் சாட்சியும் தான்.


ஆவணம்_முருகு:

நான் இருபத்திரெண்டு வருஷமா பத்திரம் எழுதுறவன், கம்ப்யூட்டர் சமாச்சாரம் சாவிக்கொத்து அளவுக்கு தெரியாது. எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க. மண்வாசம் தம்பிக்கு ஒரே ஒரு விஷயம்.

பச்ச டிக் உங்களுக்கு ரெண்டே ரெண்டு தான் சொல்லும். சார்பதிவாளர் போட்டது, போட்டதுக்கு அப்புறம் யாரும் கை வெக்கல. அவ்வளவு தான். அந்த சான்றுல என்ன கேட்டு வாங்கினாங்கன்னு அது சொல்லாது. வில்லங்க சான்றுங்கறது கேட்ட சர்வே நம்பருக்கு, கேட்ட தேதில இருந்து கேட்ட தேதி வரைக்கும், பதிவான பத்திரங்களோட பட்டியல். சொத்துல வில்லங்கமே இல்லன்னு யாரும் அதுல உத்தரவாதம் குடுக்கல. மொத பக்கத்துல தேடுதல் காலம்னு ஒரு வரி இருக்கும், அத படிங்க. எத்தன வருஷத்துக்கு போட்டிருக்கு? சப் டிவிஷன் நம்பர் உங்க பத்திரத்துல இருக்குறது தானா? பட்டா எண் ஒண்ணா? கிராமம் சரியா?

என்கிட்ட வர்றவங்க பத்துல ஏழு பேரு சீல் இருக்கா கையெழுத்து இருக்கான்னு தான் பாக்கறாங்க, உள்ள படிக்கிறதில்ல. முன்னாடி ரப்பர் ஸ்டாம்ப பாத்தாங்க, இப்ப பச்ச டிக்க பாக்கறாங்க.


மண்வாசம்87:

முருகு அண்ணே, நீங்க எழுதுனத படிச்சுட்டு அப்பவே திறந்து பாத்தேன். தேடுதல் காலம் 01.01.2011ல இருந்து போட்டிருக்கு. நான் அந்த வரிய ஒரு தடவ கூட படிக்கல, கடைசி பக்கத்து கட்டத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன். இப்பவே முப்பது வருஷத்துக்கு நானே விண்ணப்பிக்கறேன். வந்ததும் சொல்றேன்.


சாவிக்கொத்து:

விண்ணப்பிக்கறப்ப ஒண்ணு கவனிச்சுக்கோங்க, தளத்துல இலவசமா பாக்குற வில்லங்க விவரம் வேற, பணம் கட்டி வாங்குற சான்று வேற. இலவசமா வர்றதுல டிஜிட்டல் கையொப்பம் எதிர்பாக்காதீங்க, பாத்து தெரிஞ்சுக்க மட்டும் தான் அது. பேங்குக்கும் வக்கீலுக்கும் பணம் கட்டி வாங்குனத, பைலாவே, பேரு கூட மாத்தாம அனுப்புங்க. (பேரு மாத்துனா கையொப்பம் போகாது, ஆனா எந்த பைல் எதுன்னு பின்னால குழப்பம் வரும்.)


மண்வாசம்87:

எல்லாருக்கும் ஒரு தகவல். சான்று வந்துடுச்சு. பச்ச டிக் வந்துச்சு, ரூட்ட ஏற்கனவே சேத்ததால இந்த தடவ தானாவே. இது முப்பது வருஷத்துக்கு.

புரோக்கர் குடுத்ததுல மூணு பதிவு. இதுல ஆறு. கூட வந்த மூணுல ரெண்டு பழைய கிரயம், அது தாய் பத்திரத்தோட ஒத்துப்போகுது. மூணாவது 2009ல, இப்ப விக்கறவரோட அம்மா ஒரு தனி ஆளுகிட்ட 2,00,000 ரூபாய்க்கு சுவாதீனம் இல்லாத அடமானம் (இடம் அவங்க கைலயே இருக்கும், பத்திரம் மட்டும் எழுதிக்குடுக்கறது) எழுதிக்குடுத்திருக்காங்க. அந்த கடன அடைச்சதுக்கான ரசீது எங்கயும் பதிவாகல. புரோக்கர் குடுத்த சான்று போலி இல்ல, ஒரு எழுத்து கூட மாறல, 2009 மட்டும் அதுக்குள்ள வரல.

விக்கறவருகிட்ட நேரா கேட்டேன். அவரு மறைக்கல, "அம்மா அப்பவே அடைச்சுட்டாங்கப்பா, ரசீது போடணும்னு யாருக்கும் தோணல"ன்னு சொன்னாரு. அடமானம் வாங்குனவரு இப்பவும் சேவூர்ல தான் இருக்காராம், ரெண்டு பேரும் வந்து ரசீது பதிஞ்சு குடுக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. பெரியப்பாகிட்ட ரெண்டு சான்றையும் லேப்டாப்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினேன், ஒரு பைல்ல நானே ஒரு பேர மாத்த முயற்சி பண்ணி சேவ் பண்ணி என்ன ஆகுதுன்னும் காட்டினேன். கண்ணாடிய கழட்டி துடைச்சுட்டு "அந்த மரத்த இன்னொரு தடவ காட்டு"ன்னாரு.

ரசீது பதிஞ்சதுக்கு அப்புறம் தான் அட்வான்ஸ்னு சொல்லிட்டேன்.


ஆவணம்_முருகு:

நல்லது தம்பி. ரசீது பதிஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப ஒரு வில்லங்கம் போடு, அதே முப்பது வருஷத்துக்கு, அதே சர்வே நம்பருக்கு. 2009 அடமானம், இந்த ரசீது ரெண்டும் சேந்து மொத்தம் ஏழு பதிவு வருதான்னு பாத்துட்டு பேங்குக்கு குடு. அடமானம் வாங்குனவரு வர்றப்ப ஒரிஜினல் அடமானப் பத்திரத்தையும் கைல கொண்டு வரச்சொல்லு, அத திருப்பி வாங்காம அவர ஆபீஸ்ல இருந்து அனுப்பிடாத.